பார்க்காமல் இருக்கும் வேலை

ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் தெருவில், ஒரு மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து பிடித்துக்கொண்டாள். அவளுடைய தள்ளுவண்டியில் ஒரு குழந்தை உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, நீங்க மாண்டிசோரில டீச்சரா இருந்தீங்கல்ல? என் ஃப்ரெண்ட் சொன்னா. இவனுக்கு ரெண்டரை ஆச்சு. மாண்டிசோரி போடலாமா, ப்ளே ஸ்கூல் போடலாமா? இன்னொண்ணு இருக்கு, அங்க நாலு வயசுல ரீடிங் வந்துடுமாம். எதுன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுங்களேன்."

நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. தரையில் உட்கார்ந்து எழுந்து முட்டி இரண்டும் போய்விட்டன. இந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கோயில் வாசலில் குனிந்து செருப்பைத் தேடும்போது கேட்கிறார்கள். கல்யாண ரிசப்ஷனில் கையில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது கேட்கிறார்கள். ஒருத்தர் பல் டாக்டர் நாற்காலியில் நான் வாயைத் திறந்துகொண்டிருந்தபோது கேட்டார். அவர்தான் பல் டாக்டர். "குழந்தையைப் பாத்தாதான்மா சொல்ல முடியும்" என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆன்ட்டிக்குச் சொல்ல மனசில்லை என்று நினைத்திருப்பாள். நான் முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வாரம் பழைய பள்ளியிலிருந்து ஒரு இளம் ஆசிரியை போன் செய்தாள். வகுப்பறைகளில் இப்போது கேமரா வைத்திருக்கிறார்களாம். பெற்றோர் ஆபீசில் இருந்தபடியே போனில் பிள்ளையைப் பார்க்கலாம். "ஆன்ட்டி, ஒருத்தங்க மெசேஜ் பண்றாங்க, என் பையன் ரொம்ப நேரமா ஜன்னல் பக்கத்துல சும்மா நிக்கிறான், யாராவது போய்ப் பாருங்கன்னு. நான் என்ன பண்றது? நீங்க சொல்லுவீங்களே, அந்த மிஸ் கேரல் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் போனில் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது இவ்வளவு நீளமாகப் போகிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய கதை இல்லை. திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்தவள். கல்யாணமாகி ஹூஸ்டனுக்கு வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் வீட்டுக்குள்ளேயே பல வருஷம் போயிற்று. சாம்பார்ப்பொடி அரைத்தேன், பிள்ளைகளை வளர்த்தேன். கிரீன் கார்டு வந்தபோது கெமிஸ்ட்ரி என்னை மறந்துவிட்டிருந்தது, நானும் அதை மறந்துவிட்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த பள்ளியில் உதவியாள் வேண்டும் என்றார்கள், போனேன். கோடை விடுமுறைகளில் பயிற்சி எடுத்தேன். பயிற்சியில் எல்லாம் சொல்லித்தந்தார்கள். கையைச் சும்மா வைத்திருக்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை; அதை மிஸ் கேரலிடம் கற்றுக்கொண்டேன்.

மிஸ் கேரல் பள்ளியின் தலைவி. மேற்கு டெக்சாஸில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், வெயிலில் காய்ந்த முகம், ஆண்களுடையது போலப் பெரிய கைகள். வகுப்பறைக்குள் நுழைந்தால் உடனே எங்காவது உட்கார்ந்துவிடுவார். நின்றுகொண்டு குழந்தைகளைப் பார்க்கவே மாட்டார். நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். நீங்கள் ஒன்று கேட்டால் பதில் உடனே வராது. முதலில் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். இன்னொரு தடவை கேட்டேன். பொறுத்திருந்துவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு குளிர்நாள். எல்லாப் பிள்ளைகளும் வெளியே விளையாடப் போய்விட்டார்கள். ஒரு பையன் மட்டும் ஜாக்கெட் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என் கை போய்விட்டது. நம் ஊர்ப் பெண்களுக்குக் குழந்தை திணறினால் கை சும்மா இருக்குமா? மிஸ் கேரல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "அது யாருடைய ஜிப்?" என்று கேட்டார். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பையனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே போனவர்கள் திரும்பி வரும் நேரமும் ஆயிற்று. அப்புறம் ஜிப் ஏறும் சத்தம் கேட்டது. அவன் எங்களைத் தாண்டி ஓடினான், ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. மிஸ் கேரலுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் யாரோ என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டது போல இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் நம்மவர் பிள்ளைகளை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாயையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு அம்மா தயிர்சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டியே வைத்து அனுப்புவாள். "ஊட்ட முடியாதுன்னு சொன்னீங்க, அதான் பாதி வேலைய நானே முடிச்சு அனுப்பிட்டேன்" என்பாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் வீட்டிலும் அதுதான் நடந்தது.

மிஸ் கேரல் என்ன செய்திருப்பார் என்று அந்த ஆசிரியை கேட்டாள். பார்க்காமல் இருந்திருப்பார். அது எப்படி என்று சொல்கிறேன். தாழ்வான முக்காலியில் உட்கார வேண்டும். உடம்பு குழந்தையின் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். கண்ணை வேறொரு குழந்தையின் பாய்மேல் வைக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சின்னப் பாயை விரித்து அதன்மேல்தான் வேலை செய்யும்; விளையாட்டு என்று சொல்லமாட்டோம், வேலை என்போம். நீங்கள் கவனிக்க வேண்டிய குழந்தை கண்ணோரத்தில் தெரிந்தால் போதும். அது சட்டென்று உங்களைப் பார்த்தால் உங்கள் கண் வேறெங்கோ இருக்க வேண்டும். "பார்" என்று கூப்பிட்டால் பார்க்கலாம். "முடித்துவிட்டாய்" என்று சொல்லலாம். "குட் ஜாப்" சொல்லக் கூடாது. கைதட்டக் கூடாது. இது கல்நெஞ்சம் மாதிரி தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

தோன்றாமல் போனது இனியாவால்தான்.

இனியா வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூன்றரை வயது இருக்கும். அப்பா சரவணன், கோயம்புத்தூர்க்காரர், எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். அம்மா தீபா, மெடிக்கல் சென்டரில் டாக்டர். இரண்டு பேரும் நல்லவர்கள், குழந்தை என்றால் உயிர். தமிழ்ச் சங்கத்தில் என்னைத் தெரியும் என்பதால் பள்ளியைப் பார்க்க வரும்போதே லேப்டாப்போடு என்னிடம் வந்துவிட்டார்கள். மூன்று பள்ளிகளை எக்செல்லில் போட்டு வைத்திருந்தார் சரவணன். முதலாவது எங்களுடையது. இரண்டாவது, தினமும் ஒர்க்‌ஷீட் எழுதவைத்து வீட்டுப்பாடமும் கொடுக்கும் பள்ளி. மூன்றாவது, எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சர்ச் நடத்தும் விளையாட்டுப் பள்ளி. அதை ஏற்கெனவே சிவப்பு அடித்து வைத்திருந்தார்.

"அங்க நாள் பூரா மண்ணுலதான் விடுறாங்க ஆன்ட்டி" என்றாள் தீபா. "அதுக்கு எங்க பேக்யார்டே போதுமே. அப்புறம் ஸ்நாக்குக்கு முன்னாடி ப்ரேயர் வேற சொல்றாங்க."

"ஒர்க்‌ஷீட் ஸ்கூல்ல அகாடமிக்ஸ் ஸ்ட்ராங். ஆனா உங்களோடதுல டிசிப்ளினும் இருக்கு, கான்செப்டும் இருக்கு" என்றார் சரவணன். "இங்கயே போட்டுடலாம்னு இருக்கோம்."

அப்படித்தான் வந்தாள். முதல் வாரத்திலேயே எங்களுக்கு ஆச்சரியம். பிங்க் டவர் என்று ஒன்று உண்டு; பெரிதிலிருந்து சிறிது வரை இளஞ்சிவப்பு மரக்கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வர வேண்டும். புதிதாக வரும் குழந்தை எல்லாவற்றையும் ஒரேயடியாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து கீழே கொட்டும். இனியா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். பாயின் மூலையில் வைத்தாள். பிசிறில்லாமல் அடுக்கினாள். அடுக்கி முடித்துத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். உடனே அவள் போய் அடுத்ததை எடுத்தாள்.

அன்று மாலை மிஸ் கேரல் என்னிடம் கேட்டார்: "இவளுக்கு யார் காட்டினார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. நவராத்திரியில்தான் தெரிந்தது. தீபா கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் வாசலை ஒட்டி ஒரு பெரிய சாப்பாட்டு அறை கட்டியிருப்பார்கள், யாரும் அங்கே சாப்பிடுவதில்லை. சிலர் பூஜை வைத்துக்கொள்வார்கள், சிலர் பெட்டி அடுக்குவார்கள். இவர்கள் வீட்டில் அந்த அறை முழுக்க எங்கள் வகுப்பறை. தாழ்வான வெள்ளை அலமாரி, சின்னப் பாய்கள், பிங்க் டவர், பிரவுன் படிகள், குமிழ் வைத்த உருளைக் கட்டைகள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். எங்கள் பள்ளியில்கூட உருளைக் கட்டையில் ஒன்று தொலைந்துபோயிருந்தது. அங்கே எல்லாம் முழுசாக இருந்தன.

"டின்னருக்கு முன்னாடி தினம் ப்ராக்டீஸ் ஆன்ட்டி" என்றார் சரவணன், பெருமையாக. "ஸ்கூல்ல ஒரு தடவதான் காட்டுவாங்களாமே. அது எப்படிப் பத்தும்? நான் வீடியோல பாத்து அடுத்த மூணு மாசப் போர்ஷனையும் முடிச்சிட்டேன்."

கொலுவுக்கு வந்தால் குழந்தைகளைப் பாடச் சொல்வார்கள். நாமெல்லோரும் அப்படிப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்று பாடியவர்கள்தான். அந்த வீட்டில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தையை டவர் அடுக்கச் சொன்னார்கள். "இனியா, ஆன்ட்டிக்கு பிங்க் டவர் பண்ணிக் காட்டு." வந்திருந்தவர்கள் கையில் சுண்டலோடு வாசலில் கூடிவிட்டார்கள். அவள் ஒவ்வொரு கட்டையாகக் கொண்டுவந்தாள். பாவாடை தடுக்கியது, ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டாள். உச்சியில் கடைசிச் சின்னக் கட்டை உட்கார்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "ஜீனியஸ்" என்றார் ஒருவர். அவள் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் டவரைக் கலைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, பிரவுன் படிகளை எடுக்கப் போனாள்.

மறுநாள் மிஸ் கேரலிடம் சொன்னேன். கொலு என்றால் என்ன என்று அவருக்கு விளக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளையிலிருந்து நீங்கள் அவளைப் பார்க்க வேண்டாம்" என்றார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. இனியா காலையில் வருவாள். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் போய் நிற்பாள். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து வேறு யாருடைய பாயையோ பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் என் முகத்தைத் தேடுவாள். என் முகம் கிடைக்காது. மற்ற டீச்சரைத் தேடுவாள். அவளும் அப்படித்தான். எதை எடுப்பது என்று யாராவது சொன்னால் எடுத்திருப்பாள், அழகாகச் செய்திருப்பாள். யாரும் சொல்லவில்லை. சுற்றிலும் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வாழைப்பழம் நறுக்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள். இவள் மட்டும் சுருட்டிய பாயோடு நிற்பாள். சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்குப் போகும்போது காலர் பிழிந்து எடுக்கலாம்போல நனைந்திருக்கும். எனக்கு ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும்போல இருக்கும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன்.

"பொறுங்கள்" என்பார் மிஸ் கேரல். "அவளுக்குச் சலிப்பு வரட்டும். சலிப்பு வந்தால் கை தானாகப் போகும்."

சலிப்பு வரவில்லை. அவள் பொறுமையாக நின்றாள், ஒரு வேலைக்காகக் காத்திருக்கிறவர்கள் நிற்பதைப் போல.

சரவணன் தினமும் மாலையில் கேட்பார், இன்று என்ன செய்தாள் என்று. நாங்கள் உண்மையைச் சொல்வோம்: எதையும் எடுக்கவில்லை. அவர் முகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறுகியது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல எல்லாம் பண்றா. இங்க வந்தா ஜீரோ. இங்க யாரும் அவள என்கரேஜ் பண்ணல. அந்த ஒர்க்‌ஷீட் ஸ்கூல்ல பேசிட்டேன். ஒரு சின்ன அசெஸ்மென்ட் வெப்பாங்களாம். வெச்ச உடனே எடுத்துப்பாங்க. மாத்திடலாம்னு இருக்கோம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான், வைத்த உடனே எடுத்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அங்கே அவளை எந்நேரமும் யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அவள் ஒருநாளும் தப்புச் செய்யமாட்டாள். அப்புறம் அந்தக் காலர் எப்போது காயும்?

மிஸ் கேரல் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: மாற்றுவதற்கு முன்னால் ஒருநாள் காலையில் வந்து நாற்காலியில் உட்காருங்கள்.

அந்த நாற்காலி கதவுக்குப் பக்கத்து மூலையில் இருக்கும். பெற்றோர் வந்து வகுப்பைப் பார்ப்பதற்காகவே போட்டது. அதற்கு விதிகள் உண்டு. பேசக் கூடாது. பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. பிள்ளை வந்து மடியில் ஏறினால், நான் சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி இறக்கிவிட வேண்டும். பெரும்பாலும் பிள்ளைகள் அப்படித்தான் மடியில் ஏறும், அப்புறம் அலுத்துப்போய் இறங்கி ஓடிவிடும். தீபாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி. சரவணன் மட்டும் வந்தார், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு. மிஸ் கேரல் விதிகளைச் சொன்னார். சரி என்று உட்கார்ந்தார்.

இனியா அவரைப் பார்த்தாள். மடியில் போய் ஏறவில்லை. காலரை வாயிலிருந்து எடுத்தாள். பாயை விரித்தாள்.

பிங்க் டவர். ஒவ்வொரு கட்டையாக. அடுக்கி முடித்து அப்பாவைப் பார்த்தாள். சரவணன் விதிப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். கலைத்தாள். ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். பிரவுன் படிகளைக் கொண்டுவந்தாள். அடுக்கினாள். பார்த்தாள். அந்த முகம் அசையவில்லை. திரும்ப வைத்தாள். உருளைக் கட்டைகள். பார்த்தாள். உப்புத்தாள் எழுத்துகள், ஒவ்வொன்றையும் விரலால் தடவி, ஒலியைச் சொல்லி, பார்த்தாள். நான் இன்னொரு பையனுக்குத் தண்ணீர் ஊற்றக் காட்டிக்கொண்டிருந்தேன், என் கண் அங்கேயேதான் இருந்தது. அவள் வேகம் கூடிக்கொண்டே போனது. நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டது. அலமாரிக்கும் பாய்க்கும் நடந்தவள் இப்போது ஓடினாள். அந்த வகுப்பில் யாரும் ஓடக் கூடாது, மிஸ் கேரல் எதுவும் சொல்லவில்லை. ஒரு சுற்று முடிந்தது. அவள் மறுபடி பிங்க் டவருக்குப் போனாள்.

அப்போது பாயில் ஈரம் பரவியது. அவள் குனிந்து பார்த்தாள். பாயைக் காய்ந்த பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த கட்டையை எடுக்கப் போனாள். கால் வழியாக வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்குழந்தை, "இனியா ஹேட் ஆன் ஆக்ஸிடென்ட்" என்று யாரிடமோ சொன்னாள். இனியா காதில் வாங்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். மிஸ் கேரல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. உடனே கண்ணைச் சரவணன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரவணன் நாற்காலியிலிருந்து எழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வந்து அந்த ஈரத்திலேயே முட்டி போட்டு உட்கார்ந்தார். கட்டையைப் பிடித்திருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்டா. போதும் செல்லம்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஹவ் மெனி மோர், அப்பா?"

அவர் கட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டையெல்லாம் நனைந்தது. நான் மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பாத்ரூமுக்குப் போனேன். கதவுக்கு வெளியே நின்று கொடுத்தேன். உள்ளே போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைக் குழந்தை பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

பிறகு மிஸ் கேரல் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இனியா மற்ற டீச்சரோடு இருந்தாள். சரவணன் கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"நான் ஒரு தடவகூட அவள அடிச்சதில்ல ஆன்ட்டி. சத்தியமா. திட்டினதுகூட இல்ல. குட் ஜாப், குட் ஜாப்னு மட்டும்தான் சொல்லுவேன்."

நான் அதை மிஸ் கேரலுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார். "என் பள்ளியில் இருக்கும் எல்லாமே அவளுக்கு வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. இங்கே அவள் கண்ணில் படும் ஒவ்வொன்றும் உங்களை ஞாபகப்படுத்தும். அவளுக்குக் கொடுக்க என்னிடம் இப்போது எதுவும் இல்லை. அந்த ஒர்க்‌ஷீட் பள்ளி வேண்டாம். அந்த சர்ச் பள்ளிக்கு அனுப்புங்கள். அங்கே முடித்துக் காட்டுகிற மாதிரி எதுவுமே இல்லை."

தன் பிழைப்பே மாண்டிசோரியாக இருந்த மனுஷி இதைச் சொன்னார். பள்ளியில் காலி இடத்தை நிரப்பப் பிள்ளைகளைத் தேடவேண்டிய வருஷம் அது. அவருடைய மனசு எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

"அப்போ சாயந்திரத்துல நான் என்ன பண்றது?" என்று கேட்டார் சரவணன், இந்தமுறை ஆங்கிலத்தில். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"அவள் இருக்கிற இடத்தில் உங்கள் வேலை எதையாவது செய்யுங்கள். காய் நறுக்குங்கள். துணி மடியுங்கள். அவளைப் பார்க்காதீர்கள்."

மறுநாள் தீபா எனக்குப் போன் செய்தாள். அவளுக்குக் கோபம். "எங்க பொண்ண வேணாம்னு அனுப்புறாங்களா ஆன்ட்டி? சண்டே தமிழ் ஸ்கூல்ல எல்லாரும் கேப்பாங்க, ஏன் எடுத்துட்டீங்கன்னு. நான் என்ன சொல்றது? மண்ணுல விளையாட அனுப்பிட்டோம்னா?"  அப்புறம் குரல் இறங்கி, "ராத்திரி தூக்கத்துல கையத் தூக்கித் தூக்கி அடுக்கறா ஆன்ட்டி. நான் டாக்டர், நான் பாத்திருக்கணும்ல?" என்றாள். அவள் தூங்கும்போது நீங்கள் பக்கத்தில்தானே படுத்திருந்தீர்கள், அதனால்தானே அதுவும் தெரிந்தது என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த மாதமே சர்ச் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு அறையைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவர்களைச் சங்கத்திலும் அதிகம் பார்க்கவில்லை. மிஸ் கேரலும் அடுத்த கோடையோடு ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார். நான் இன்னும் பல வருஷம் அதே முக்காலியில் உட்கார்ந்தேன். இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல் எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். கண் கலங்கக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "சரி ஆன்ட்டி, அப்போ எது பெட்டர்?" என்பார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனால் பிங்க் டவர் வந்து இறங்கியிருக்கும். சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதை அந்த இளம் ஆசிரியைக்குச் சொல்கிறேன்.

இனியா போன அடுத்த வசந்தம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கரிசல் மண் மழையில் பிசின் மாதிரி ஆகிவிடும், காலில் ஒட்டினால் லேசில் போகாது. மத்தியான இடைவேளையில் நான் பார்மசிக்குப் போய்விட்டு அந்த சர்ச் பள்ளியைத் தாண்டி நடந்து வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். தூரத்து மூலையில், மரத்தடியில், மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு குழந்தை குந்தி உட்கார்ந்து பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. முதுகுதான் தெரிந்தது. ஆனால் முதுகைப் பார்த்தே இனியா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. அவள் கையால் மண்ணை அள்ளி அணை கட்டினாள். அணை உடைந்தது. மறுபடி கட்டினாள். அது அழகாகவும் இல்லை, நேராகவும் இல்லை. தலையெல்லாம் சேறு.

என்னையறியாமல் கை உயர்ந்துவிட்டது. இனியா என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

"கூப்பிடாதீங்க ஆன்ட்டி."

மெதுவான குரல். திரும்பிப் பார்த்தேன். சாலையோரம் நின்ற காருக்குப் பின்னால், வேலியிலிருந்து மறைவாக, சரவணன் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை. கையில் சாப்பிடாத சாண்ட்விச். அடிக்கடி வருகிறவர் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"பாத்துட்டான்னா நிறுத்திடுவா" என்றார்.

நான் கையை இறக்கினேன். அவர் காரில் சாய்ந்து, வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் போய் அவர் பக்கத்தில் சாலையைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் சேற்றில் கை அறையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.